நோய்க்குறியியல் மருத்துவர்: கல்வி, பணி, காப்பீட்டில் இடம் (வட சென்னை)

நோய்க்குறியியல் மருத்துவர் என்பவர் நோயாளியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட இரத்தம், சிறுநீர், உடல்நீர்மங்கள், திசுத் துண்டு முதலியவற்றை ஆய்ந்து, நோய் இன்னதென எழுத்தில் உறுதி செய்யும் மருத்துவர் ஆவார். பேச்சு வழக்கில் இவரைப் 'பெத்தாலஜிஸ்ட்' என்றும் 'லேப் டாக்டர்' என்றும் கூறுவர். இந்தியாவில் இம்மருத்துவர் தம் சொந்தப் பெயரில் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் வழக்கம் இல்லை. ஆயினும் காப்பீட்டுப் பணம் கிடைக்குமா என்பது பல நேரங்களில் அவர் கையொப்பமிட்ட ஒற்றைத் தாளைப் பொறுத்தே அமைகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் சார்ந்து வாழும் வட சென்னை மக்களுக்கு இது அன்றாடம் எதிர்ப்படும் ஒன்று.

பெயரும் பணியும்

பொதுத்தேர்வு விடைத்தாளைத் திருத்துபவரை மாணவர் பார்ப்பதில்லை; அவர் இட்ட மதிப்பெண் மட்டும் மாணவரிடம் வந்து சேரும். நோய்க்குறியியல் மருத்துவரின் நிலையும் ஏறத்தாழ அப்படியே. அறுவை மருத்துவரையும் செவிலியரையும் நோயாளி அறிவார். கழுத்துக் கட்டியிலிருந்து ஊசிவழி எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, 'இது காசநோய்க் கட்டி', 'இது புற்று' என்று முடிவு சொன்னவர் யாரென்று அவருக்குத் தெரிவதில்லை.

இத்துறையில் பல கிளைகள் உள்ளன. அறுவையில் எடுத்த திசுவை ஃபார்மலினில் இட்டுப் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியாக்கி, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிப் பார்ப்பது திசு நோய்க்குறியியல். தனிச் செல்களைப் பார்ப்பது செல்லியல். இரத்த நோய்களை ஆராய்வது குருதியியல். சிறுநீர், மலம், மூளைத் தண்டுவட நீர், நெஞ்சுக்கூட்டு நீர் ஆகியவற்றின் ஆய்வு இந்தியாவில் 'கிளினிக்கல் பெத்தாலஜி' எனப்படுகிறது. அமெரிக்காவில் இதே பெயர் மேலும் விரிந்த பொருளுடையது. அங்கு உயிர்வேதியியலும் நுண்ணுயிரியலும் இரத்த வங்கியும் இதற்குள் அடங்கும். இந்தியாவில் உயிர்வேதியியலுக்கும் நுண்ணுயிரியலுக்கும் தனித்தனிப் பட்டமேற்படிப்புகள் உள்ளன. எனவே ஒரே ஆய்வக அறிக்கையில் சர்க்கரை அளவுக்கு ஒருவரும், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வேறொருவரும் கையொப்பமிட்டிருந்தால் அது பிழையன்று.

ஆய்வக நுட்பநரும் நோய்க்குறியியல் மருத்துவரும் ஒருவரே எனக் கருதுவோர் பலர். இரத்தம் எடுப்பவரும் கருவியை இயக்குபவரும் நுட்பநர்கள், இவர்கள் டி.எம்.எல்.டி. போன்ற படிப்புகளை முடித்தவர்கள். முடிவைச் சரிபார்த்துப் பொருள் கூறிப் பொறுப்பேற்பவர் மருத்துவர்.

கல்வியும் பதிவும்

ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பை ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் சேர்த்து முடித்தபின், நீட் முதுநிலைத் தேர்வெழுதி எம்.டி. நோய்க்குறியியல் படிப்பில் சேர வேண்டும். இதன் காலம் 3 ஆண்டுகள். தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. இதற்கு இணையானது. முன்னாட்களில் டி.சி.பி. என்ற 2 ஆண்டுப் பட்டயப்படிப்பைப் படித்துவிட்டுத் தனியாக ஆய்வகம் வைத்தவர்கள் தமிழகத்தில் கணிசமானோர். மூத்த மருத்துவர் பலரின் பெயர்ப்பலகையில் இவ்வெழுத்துகளை இன்றும் காணலாம்.

தமிழ்நாட்டில் தொழில் செய்யும் எம்மருத்துவரும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அறிக்கையின் அடியில் பெயர், பட்டம், பதிவு எண் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று நோயாளி பார்த்துக்கொள்வது நல்லது. 2017 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் குஜராத் வழக்கொன்றில் அளித்த ஆணை இதற்கு வலுச் சேர்த்தது. நோய்க்குறியியலில் முதுநிலைத் தகுதி பெற்ற பதிவு மருத்துவரே ஆய்வக அறிக்கையில் மேலொப்பமிட வேண்டும் என்பது அதன் சாரம். முன்னரே கையொப்பமிட்ட வெற்றுத் தாள்களில் அறிக்கை அச்சிடும் தீய பழக்கத்தின்மீது இதற்குப் பிறகே பலரின் கவனம் திரும்பியது.

ஆய்வகத்துக்கும் தனிப் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டமும், 2018இல் வந்த அதன் விதிகளும் நடைமுறையில் உள்ளன. இவை தவிர, தேசிய ஆய்வகத் தர ஏற்பு வாரியமான என்.ஏ.பி.எல்., ஐ.எஸ்.ஓ. 15189 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி அங்கீகாரம் வழங்குகிறது. இது கட்டாயமன்று, ஆனால் காப்பீட்டுத் திட்டங்கள் இதற்கு மதிப்பளிக்கின்றன. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டம், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கூடுதல் கட்டண விகிதமும் பெறாததற்குக் குறைந்த விகிதமும் வகுத்துள்ளது.

வட சென்னையின் ஆய்வகங்கள்

இப்பகுதியில் நோய்க்குறியியலுக்கு முதன்மையான இடம் ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி அரசு மருத்துவமனை. மணியக்காரர் சத்திரத்தோடு தொடர்புடைய கஞ்சித்தொட்டியிலிருந்து வளர்ந்ததால் முதியோர் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். அங்குள்ள மருத்துவப் பள்ளி 1938இல் கல்லூரியாக உயர்ந்தது. ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இக்கல்லூரியோடு இணைந்தது. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனையும் அரசு புறநகர் மருத்துவமனையும் உள்ளன. ரயில்வே ஊழியர்களுக்குப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையும், துறைமுக ஊழியர்களுக்குத் துறைமுக மருத்துவமனையும் தனியே இருக்கின்றன.

அரசு மருத்துவமனைகளில் இரத்தம், சிறுநீர், திசுச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, சி.டி., எம்.ஆர்.ஐ. போன்ற சில ஸ்கேன்களுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. எனவே காப்பீட்டுக் கேள்வி இங்கே கடுமையாக எழுவதில்லை. அது எழுவது, வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியை இழக்க முடியாமல் தெருமுனைத் தனியார் ஆய்வகத்துக்குச் செல்லும்போதுதான்.

காப்பீட்டில் பங்கேற்பு: அங்கும் இங்கும்

அமெரிக்காவில் மருத்துவர் ஒவ்வொருவரும் எந்தெந்தக் காப்பீட்டை ஏற்பார் என்று பட்டியலே உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் 'பங்கேற்கும் மருத்துவர்' என்று கையெழுத்திட்டவர், அத்திட்டம் வகுத்த கட்டணத்தை முழுக் கட்டணமாக ஏற்க வேண்டும். தனியார் காப்பீடுகளுக்கும் இவ்வாறே உள்வட்டம், வெளிவட்டம் என்ற பிரிவு உண்டு. இதனால் அங்கு நெடுங்காலம் ஒரு விந்தை நடந்தது. நோயாளி தம் காப்பீடு ஏற்கும் மருத்துவமனையைத் தேடிச் சேர்வார். அறுவை மருத்துவரும் உள்வட்டத்தவரே. திசுவைப் பார்த்த நோய்க்குறியியல் மருத்துவர் மட்டும் வெளிவட்டத்தவராக இருப்பார். முகமறியாத அவரிடமிருந்து வீட்டுக்குத் தனி பில் வரும். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உள்வட்ட மருத்துவமனைகளில் நோய்க்குறியியல் போன்ற துணைச் சேவைகளுக்கு இவ்வாறு கூடுதல் பில் அனுப்புவதைத் தடுத்தது.

இந்தியாவில் பங்கேற்பது மருத்துவமனையே. காப்பீட்டு நிறுவனமோ அதன் சார்பில் இயங்கும் டி.பி.ஏ. எனும் இடைநிர்வாக நிறுவனமோ மருத்துவமனையைத் தன் பட்டியலில் சேர்க்கிறது. மருத்துவமனையின் மொத்த பில்லுக்குள் ஆய்வகக் கட்டணமும் அடங்கிவிடும். நோய்க்குறியியல் மருத்துவருக்கு மருத்துவமனை சம்பளமோ, சோதனைக்கு இவ்வளவு என்ற பங்கோ கொடுக்கும். ஆகவே 'இந்த லேப் டாக்டர் என் இன்சூரன்சை ஏற்பாரா?' என்ற கேள்விக்கு இங்கே பொருளில்லை. 'இந்தச் சோதனை எந்த பில்லில், எந்தத் தேதியில், எந்த மருத்துவமனை வழியாக நடக்கிறது?' என்று கேட்பதே பயன் தரும்.

ஈ.எஸ்.ஐ. திட்டம்

திருவொற்றியூர், எண்ணூர், மணலி வட்டாரத் தொழிலாளருக்கு மிக நெருக்கமான காப்பீடு ஈ.எஸ்.ஐ. ஆகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இத்திட்டம், 1955இல் தமிழகத்துக்கு வந்தது. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகின்றனர். வேலையில் சேர்ந்த நாள்முதல் மருத்துவ வசதி உண்டு. குடும்பத்தினருக்கும் அது பொருந்தும்.

முறை இதுதான்: தமக்கு ஒதுக்கப்பட்ட ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு முதலில் செல்ல வேண்டும். அங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சோதனை அங்கேயோ அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ நடைபெறும். அங்கு வசதியில்லாத சோதனைக்கு வெளி நிறுவனத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பர். இப்படிச் செல்லும்போது தொழிலாளி பணம் கட்ட வேண்டியதில்லை. கடிதமின்றித் தாமே வெளியில் சோதித்துக்கொண்டு பின்னர் பில்லை நீட்டினால் பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்குறியியல் அறிக்கை மருத்துவச் செலவோடு நின்றுவிடுவதில்லை. கூலியையும் அது தொடுகிறது. சாதாரண நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 விழுக்காடாக ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, உரிய சேவைக்காலமும் சந்தாவும் உள்ளவர்களுக்கு, இது 80 விழுக்காடாக உயர்ந்து இரண்டாண்டு வரை நீளும். நோய் அந்தப் பட்டியலில் உள்ளதுதான் என்பதை மருத்துவச் சான்று காட்ட வேண்டும். புற்றுநோய்க்கு அச்சான்றின் அடிப்படை திசு அறிக்கை. 'புற்றுநோய் இருக்கலாம், மீண்டும் திசு எடுத்துப் பார்க்கவும்' என்று வரும் அறிக்கை மருத்துவ நோக்கில் நேர்மையானதே. ஆனால் வாயிற்கதவு மூடிய ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த இடைவெளி பல வாரங்களின் அரிசிச் செலவு.

வேறொரு வகையிலும் ஆய்வகம் இவ்வட்டாரத் தொழிலோடு பிணைந்துள்ளது. ஈயம், பென்சீன் போன்றவற்றோடு வேலை செய்வோருக்குக் குறித்த கால இடைவெளியில் இரத்தச் சோதனை உள்ளிட்ட மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் எனத் தொழிற்சாலை விதிகள் கூறுகின்றன. ஈ.எஸ்.ஐ. திட்டம் இவற்றால் வரும் நோய்களைத் தொழில்சார் நோய்களாக ஏற்கிறது. ஆலையில் எடுத்த சோதனையின் நகலைத் தொழிலாளி வாங்கி வைத்திருந்தால், பிற்காலத்தில் நோய் வேலையால் வந்ததென்று காட்ட அது உதவும். வாங்கி வைப்போர் அரிது என்பதே வருத்தம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்

மீன்பிடிப்போர், சுமை தூக்குவோர், வீட்டு வேலை செய்வோர், சிறு கடைக்காரர் முதலியோர்க்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. இவர்களுக்கு உள்ளது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின் இடத்தில் 2012 ஜனவரியில் இது வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். திருவொற்றியூர் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்ததால் அங்குள்ளோர் தொலைதூரம் போக வேண்டியிருந்தது. 2018இல் அவ்வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தபின் ராஜாஜி சாலையிலுள்ள சிங்காரவேலர் மாளிகைக்குச் சென்றால் போதும்.

இத்திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் உண்டு. உள்நோயாளியாகச் சேர்ந்தபின் அச்சிகிச்சைக்குத் தேவையான சோதனைகள் அத்தொகுப்புக்குள் அடங்கும். மருத்துவமனை தனியே பணம் கேட்கக் கூடாது. சிகிச்சைக்குச் சமமாகச் சில நோயறி சோதனைகளும் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஆனால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் வெளிநோயாளியாகச் செய்துகொள்ளும் அன்றாட இரத்தச் சோதனைகள் இதில் வாரா. புற்றுநோய் அறுவைக்கு முன் அனுமதி கேட்கும்போது திசு அறிக்கையை இணைக்க வேண்டும். அந்த அறிக்கைக்கான செலவு அனுமதிக்கு முன்பே ஏற்படுகிறது. காசிமேட்டில் வலை பின்னுபவருக்கு மார்பில் கட்டி என வைத்துக்கொள்வோம். தனியார் ஆய்வகத்தில் ஊசிச் சோதனை, திசுச் சோதனை, சாயச் சோதனை எனக் கைப்பணம் கரைந்தபிறகே காப்பீட்டுக் கதவு திறக்கும். அதே சோதனைகளை ஸ்டான்லியில் செய்துகொண்டால் இச்செலவு இல்லை. ஸ்டான்லியும் இத்திட்டத்தில் உள்ள மருத்துவமனையே.

தனியார் மருத்துவக் காப்பீடு

தனியார் பாலிசி வைத்திருப்போர் பெரும்பாலும் கேட்கும் குறை, 'டெஸ்ட் எடுக்கத்தான் சேர்ந்தீர்கள் என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள்' என்பதாகும். இது நிறுவனத்தின் தனி விருப்பமன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் நான்காவது, நோயறிதலுக்காகவும் மதிப்பீட்டுக்காகவும் மட்டுமே மருத்துவமனையில் சேர்ந்தால் அச்செலவு கிடையாது என்கிறது. நோய்க்குத் தொடர்பில்லாத சோதனைச் செலவும் இதில் சேரும். 'எதற்கும் முழு உடம்பையும் பார்த்துவிடுவோம்' என்று சேர்ந்தால் பணம் கைப்பொறுப்பு.

அதே நேரத்தில், சேர்க்கைக்கு முன் வெளியில் எடுத்த சோதனைகள் முழுதும் வீண் எனக் கருத வேண்டாம். 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் அறிமுகப்படுத்திய ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், சேர்க்கைக்கு முந்தைய 30 நாள், வெளியேறிய பின் 60 நாள் செலவுகள் அடங்கும். அந்தச் சோதனை பின்னர்ச் சேர்ந்த அதே நோய்க்கானதாக இருக்க வேண்டும். மருத்துவரின் சீட்டும், அறிக்கையும், அசல் பில்லும் வேண்டும். பலர் அறிக்கையைப் பத்திரமாக வைத்துவிட்டு பில்லைத் தொலைத்துவிடுகின்றனர். வெள்ளைத் தாளில் 'பணம் பெறப்பட்டது' என்று எழுதித் தரும் ஆய்வகத்தின் ரசீது காப்பீட்டுக்கு உதவாது.

ஓர் அறிக்கை படிக்கப்படும் விதம்

காப்பீட்டு நிறுவனத்தில் கோப்பைப் பார்க்கும் மருத்துவர் நோயாளியைக் காண்பதில்லை. தாள்களை மட்டுமே காண்கிறார். பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்ததா என்பதே அவர் தேடுவது. ஹெச்.பி.ஏ.1.சி. என்ற சோதனை கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். சிறுநீரகத் திசுவில் சர்க்கரை நோயின் தழும்பு தெரிந்தால் நோய் பல ஆண்டுப் பழமையானது என ஊகிக்க இடமுண்டு. இவை அறிவியல்.

இன்னொரு வகை அறிவியலன்று, கவனக்குறைவு. திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஒரு கோரிக்கைத் தாளும் போகும். அவசரத்தில் பயிற்சி மருத்துவர் அதில் 'பத்தாண்டாகச் சர்க்கரை' என்று எழுதிவிடுவார். உண்மையில் ஈராண்டாக இருக்கும். அந்த வரி 'நோயாளி விவரம்' என்ற தலைப்பில் அறிக்கையின் முகப்பில் அப்படியே அச்சாகும். நோய்க்குறியியல் மருத்துவர் நோயாளியைக் கேட்டு எழுதியதன்று அது. எனினும் முடிவின் கீழ் அவர் கையொப்பம் இருப்பதால், மேலேயுள்ள வரிக்கும் அவரே சான்று போலத் தோன்றிவிடுகிறது. பெயரின் எழுத்து மாறுவது, வயது மாறுவது, இடப்பக்கம் வலப்பக்கமாவது ஆகியவையும் இவ்விதமே நுழைகின்றன. அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் முகப்பு விவரங்களைப் படித்துப் பார்த்து, பிழையிருந்தால் ஆய்வகத்திலேயே எழுத்துமூலம் திருத்தம் கேட்க வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டபின் கொண்டுவரும் திருத்தத்தை ஐயக்கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

அறிக்கையில் ஐயமிருந்தால் மறுகருத்துப் பெறலாம். கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டிகளும் ஆய்வகத்தில் பாதுகாக்கப்படும். எழுதிக் கேட்டு அவற்றைப் பெற்று, 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் காட்டலாம். மீண்டும் உடலில் கத்தி வைக்கத் தேவையிராது.

2024இல் ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி, தொடர்ந்து 60 மாதங்கள் கட்டிய பாலிசியில், மோசடி நிறுவப்பட்டாலன்றிப் பழைய நோயை மறைத்தார் என்று கூறிக் கிளெய்மை மறுக்க முடியாது. நிறுவனம் மறுத்தாலோ 30 நாளில் பதில் தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவரது அலுவலகம் சென்னையிலேயே உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

மருத்துவர் எடுக்கும் காப்பீடு

நோய்க்குறியியல் மருத்துவர் தம் பெயரில் எடுக்கும் காப்பீடு ஒன்றுண்டு. அது தொழில்சார் பொறுப்புக் காப்பீடு. 1995இல் உச்ச நீதிமன்றம் கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதன்பின் தவறான அறிக்கைக்காக இழப்பீடு கோரி நுகர்வோர் ஆணையத்தை நாட வழி பிறந்தது. மாதிரிகள் மாறிப்போனது, புற்றைத் தவறவிட்டது, இல்லாத புற்றை இருப்பதாகச் சொன்னது ஆகியவை இத்துறையில் வழக்குக்கு இடம் தருபவை. மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை செய்பவரை மருத்துவமனையின் பாலிசி ஓரளவு காக்கும். தெருமுனையில் தனி ஆய்வகம் நடத்துபவரும், பல ஆய்வகங்களுக்கு மாலை நேரங்களில் சென்று கையொப்பமிடுபவரும் தாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.